அப்பீல் ஒத்துக்கொண்டார் என்றொரு பேச்சு

டயர்க்கடை அப்பீல் சாவதற்கு முன்னால் ஒரு வாதத்தில் தோற்றுப்போனார் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். என்னிடம் முதலில் சொன்னவர், அவர் ஒத்துக்கொண்டார் என்று மட்டும் சொன்னார். இரண்டாமவர் ஒத்துக்கொண்டு கண்ணீரும் விட்டார் என்றார். மூன்றாமவர் கட்டில் ஓரமாகவே நின்று பார்த்த மாதிரி, கைகூப்பி மன்னிப்புக் கேட்டார் என்று முடித்துவைத்தார். கடைசி நாட்களில் அவருக்கு வலது கை எழும்பவே இல்லையே என்று கேட்டேன். "அப்ப ஒரு கையால கும்பிட்டிருப்பாரு" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சாவைக்கூட நம்பிவிடலாம். அப்பீல் ஒத்துக்கொண்டார் என்பதை விசாரிக்காமல் நம்ப முடியாது.

அவர் வாழ்நாளில் ஒரு மோட்டார் பந்தயத்தைக்கூட நேரில் பார்த்தவரில்லை. ஓட்டியது பழைய மொபெட். அதில் அவர் போகும்போது சைக்கிள்காரர்கள் மணியடித்துவிட்டு முந்திப் போவார்கள். ஆனால் எந்தச் சாம்பியன் பட்டத்துக்குத் தகுதியானவர், எவருக்கு அது ஓசியில் வந்தது என்பதில் அவர்தான் கடைசி நீதிமன்றம். உலகம் ஒரு தீர்ப்புச் சொன்னால் இவர் மேல்முறையீட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பெயர் அப்படி வந்ததுதான். அவருடைய மனைவியே ரேஷன் கடை வரிசையில் "அப்பீல் வீடு" என்று சொல்லித்தான் இடம்பிடிப்பார்.

கடை சின்னது. மூலையில் இருமிக்கொண்டே இருக்கிற கம்ப்ரசர், பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி, சக்கரத்தைச் சுழற்றி எடை சரிபார்க்கிற இயந்திரம். வாடிக்கையாளரின் வண்டி ஜாக்கியில் ஏறி நிற்கும். ஒரு சக்கரம் கழன்று அப்பீலின் கையில் இருக்கும். அந்த நிலையில் மனிதர் எங்கே ஓடுவார்? "நீங்க சொல்லுங்க சார், அந்த வருசம் பட்டம் யாருக்குப் போயிருக்கணும்?" என்று ஆரம்பிப்பார். தப்பான பதில் சொன்னவருக்கு அடுத்த சக்கரம் கழல்வதற்குக் கொஞ்சம் நேரமாகும். விவரம் தெரிந்தவர்கள் உள்ளே நுழையும்போதே "அண்ணே, நீங்க சொன்னா சரி" என்று சரணடைந்துவிடுவார்கள்.

சரணடையாத ஒரே ஆள் ஒயர். பக்கத்துக் கடை ஆட்டோ எலக்ட்ரீஷியன். எந்நேரமும் கழுத்தில் ஒரு ஒயர்ச் சுருளை மாலை மாதிரி போட்டிருப்பார், அதனால் ஒயர்.

ஒரு வருடத்துப் பட்டத்தைப் பற்றி இருவருக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. சாம்பியன்களின் நிஜப் பெயரைப் போட்டால் அவர்களுடைய ரசிகர்கள் என் வீட்டுக் கண்ணாடியை உடைப்பார்கள். அதனால் கடையில் வழங்கிய பெயர்களே போதும். ஒருவர் தீப்பொறி. அந்த வருடம் எல்லாரையும்விட அதிகப் பந்தயங்களை ஜெயித்தவர். கடைசிப் பந்தயத்திலும் முன்னால் போய்க்கொண்டிருந்தவரின் இன்ஜின் புகைந்து நின்றுவிட்டது. வண்டியைப் புல்லில் விட்டுவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்திருந்தார். பட்டம் தபால்காரருக்குப் போயிற்று. அந்தப் பெயரும் அப்பீல் வைத்ததுதான். எங்கேயும் இடிக்காமல், எதையும் உடைக்காமல், கொடுத்த வண்டியைக் கொடுத்தபடி கொண்டுவந்து சேர்ப்பவர் அவர். வருடம் முழுக்க ஜெயித்தது ஒரே பந்தயம். அதுவும் முன்னால் போன இருவர் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டதால்.

"முட்டிக்காம வந்தவனுக்கெல்லாம் பட்டமாடா? அப்ப என் மொபெட்டுக்கும் ஒரு கப்பு குடுக்கச் சொல்லு" என்பார் அப்பீல்.

"வண்டிய முழுசா வீடு கொண்டுவந்து சேர்க்கிறதும் ஓட்டுறதுதாண்ணே. கண்டபடி முறுக்குனா இன்ஜின் என்ன பண்ணும், பாவம்? எங்கிட்ட வர்ற வண்டியில பாதி முறுக்கியே கெட்டது."

"நீ பேட்டரிக்குத் தண்ணி ஊத்துறவன். உனக்கு எல்லாமே பொறுமையாத்தான் தெரியும்."

"உங்களுக்கு எல்லாமே காத்தாத் தெரியும்ணே."

ஒயருக்குத் தலை நரைக்கும்வரை இது நடந்தது. அப்பீலுக்குத் தலையே மிச்சமில்லை.

ஒரு காலையில் எடை சமனாக்கச் சக்கரத்தில் ஈயத்துண்டைப் பொருத்தப்போன அப்பீலின் விரல்கள் அதைப் பிடிக்க மறந்தன. வாய் ஒரு பக்கம் இறங்கியது. ஒயர்தான் பார்த்தார். பழுதுக்கு வந்திருந்த ஒரு காரின் பின்னிருக்கையில் அவரைப் படுக்கவைத்து, தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவருக்குத் தெரிந்தபடிதான் ஓட்டினார். சிக்னலில் நின்றார். பள்ளம் வந்தால் மெல்ல இறக்கி ஏற்றினார். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், "இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். டாக்டர்கள் சாதாரணமாகச் சொல்கிற வாக்கியம்தான். அதை ஒயர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

உயிர் தப்பியது. வலது பக்கமும் பேச்சும் போயின. பேச்சு மொத்தமாகப் போகவில்லை. ஒரு சொல் மட்டும் தங்கிவிட்டது: "இல்ல". இத்தனை வருடம் எதை அதிகம் சொன்னாரோ அதை மட்டும் யாராலும் பிடுங்க முடியவில்லை போலும். பேச்சுப் பயிற்சிக்கு வந்த டீச்சர் படஅட்டையைக் காட்டி "இது சாவியா?" என்பார். "இல்ல." "பூட்டா?" "இல்ல." "அப்ப என்னதான் சார் இது?" "இல்ல." டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. அவருக்குப் பிடித்த விஷயத்தைப் பேசிக்கொண்டே இருங்கள், வேறு சொல் ஏதாவது வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மதியம் கடையைச் சாத்திவிட்டு ஒயர் வந்துவிடுவார். வேலை ஒன்றுதான்: அப்பீலுக்குக் கோபமூட்டுவது. அப்பாவின் பணத்தில் பட்டம் வாங்கியவர் என்று அப்பீல் தள்ளிவைத்த ஒருவரை, "அவனை மாதிரி உண்டாண்ணே?" என்று புகழ்வார். "இல்ல!" "மழையில வண்டிய நிறுத்திட்டுப் போனாரே, அவருக்கு ரெண்டு பட்டம் சேத்துக் குடுத்திருக்கணும்." "இல்ல! இல்ல!" குரல் ஏற ஏற ஒயருக்கு முகம் மலரும்.

அப்பீலின் மனைவிக்குப் பந்தயம் என்றாலே ஆகாது. அவரும் இந்த வேலையில் இறங்கிவிட்டார். கஞ்சி ஊட்டிக்கொண்டே, "ஏங்க, அந்தப் போஸ்ட்மேன்தானே மழையில நல்லா ஓட்டுனது?" என்பார்.

"அண்ணி, அது போஸ்ட்மேன் இல்ல, தபால்காரர். மழைக்காரர் வேற."

"ரெண்டும் ஒண்ணுதானே தம்பி. மழையிலயும் தபால் வரும்ல?"

"இல்ல!" என்பார் அப்பீல், கஞ்சி தெறிக்க.

அந்த வீட்டில் அப்போது இருந்த சந்தோஷம் அவ்வளவுதான். குறைச்சலும் இல்லை.

பேச்சில் அடிபடுகிற மதியம் இதுதான். ஒயர் அன்று எவரையும் புகழவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து அப்பீலின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு மெதுவாக, "அண்ணே, ஒண்ணு கேக்கறேன். பொறுமையா, அடிபடாம, வீடு கொண்டுவந்து சேர்த்தானே, அவன் செஞ்சது சரிதானே?" என்றார்.

அப்பீல் அவரையே பார்த்தார். பயிற்சிக்கு வந்திருந்த டீச்சர் உட்பட எல்லாரும் "இல்ல"வுக்குக் காத்திருந்தார்கள்.

"ஆமா" என்றார் அப்பீல்.

டீச்சர் கைதட்டினார். புதுச் சொல்! மனைவி உடனே உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். பேச்சு தெருவுக்கு வந்த வழி அதுதான். பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை போனது. கொண்டாட்டத்தில் ஒயர் எழுந்து போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. வாசலில் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு போயிருந்தார், மறுநாள்தான் தெரிந்தது.

சில வாரங்களில் அப்பீலுக்கு மறுபடியும் பக்கவாதம் வந்தது. இந்த முறை ஆம்புலன்ஸ் வேகமாகத்தான் வந்தது. பலனில்லை.

கண்ணீர், கைகூப்பல் இரண்டும் பொய் என்று இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் மனைவி என்னிடம் இன்னொன்றும் சொன்னார். "அந்த ஆமாவுக்கு மறுநாள் காலையில தண்ணி வேணுமான்னு கேட்டேன். ஆமான்னார். குடுத்தா டம்ளரைத் தள்ளிவிட்டார். டீச்சரம்மா சாவியக் காட்டி, கரண்டியான்னு கேட்டாங்க. அதுக்கும் ஆமா. அந்தச் சொல்லுக்கு அவர்கிட்ட அர்த்தம் இருந்துச்சா இல்லையா, எனக்கு இன்னும் புரியல." பிறகு, "ஆனா ஒயர்த் தம்பி கேட்டப்போ, நல்லா இருந்த கையால அவர் என் மணிக்கட்டைப் பிடிச்சிட்டிருந்தார். அதையும் சொல்லணும்ல" என்றார்.

"ஒயர்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"எதைச் சொல்ல? கையப் பிடிச்சதையா, கரண்டியையா? ரெண்டையும் சொன்னாத்தான் நியாயம். ரெண்டையும் சொல்ல வாய் வரல."

நியாயத்தை என் தலையில் கட்டிவிட்டார். ஒயரிடம் போனேன். ஒரு டைனமோவைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டையும் சொன்னேன், கரண்டியையும் சொன்னேன். துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

"நான் சாம்பியனப் பத்திக் கேக்கலேன்னு அவருக்குத் தெரியும் சார். அன்னிக்குக் கார்ல பின்னாடி படுத்திருந்தது அவருதானே."

"அப்ப அவர் சொன்னது உங்களுக்குன்னே வெச்சுக்குங்களேன்."

"வெச்சுக்கலாம். ஆனா அவர் சட்டம் ஒண்ணு இருக்கே" என்றார். "வண்டி எடுக்கிற அவசரத்துல நிறையப் பேர் சும்மா சரி சரின்னுட்டு ஓடிருவாங்க. அதனால, ஒத்துக்கிட்டா மட்டும் செல்லாது, ஏன் ஒத்துக்கிட்டேன்னு காரணம் சொல்லணும், அதுவரைக்கும் கேஸ் முடியாதும்பாரு. யாரையும் விட்டதில்ல. நானே எத்தனையோ தடவை காரணம் சொல்லிட்டுத்தான் கடைய விட்டு இறங்கியிருக்கேன்."

டைனமோவை மறுபடி கையில் எடுத்தார்.

"அவரு ஆமான்னாரு. காரணம் சொல்லல. அது பாக்கி."