ஐந்தாவது சேனலில் விளக்கு

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இதில் ஒரு வரியைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. பேய் என்றால் நடுராத்திரி, புளியமரம் என்று நினைப்பீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடி அறையில். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

என் பெயர் சௌந்தரபாண்டியன். மைக் செட், சவுண்ட் சர்வீஸ் தொழில். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்த விஷயம் இன்னும் என்னைத் தூங்க விடவில்லை.

போன ஆடி மாதம். இசக்கித்துரை என்றொரு பையன் மெல்லிசைக் குழு நடத்துகிறான். கீபோர்டு அவன். பாட்டு ராஜேஸ்வரி. இது நடந்ததற்கு மறுநாள் இளையரசனேந்தல் பக்கம் ஒரு கோவில் கொடைத் திருவிழாவில் அவர்களுக்குக் கச்சேரி. ராஜேஸ்வரிக்குத் தொண்டையில் சின்ன வீக்கம். தென்காசி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பாடலாம். கத்தினால் குரல் திரும்ப வராது." அவளுக்குச் சோறு போடுவதே அந்தக் குரல்தான்.

மேடையில் பாடுகிறவர் முன்னால், தரையில், முகத்தைப் பார்த்தபடி சாய்ந்து கிடக்கும் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் மானிட்டர். கூட்டத்துக்கு அல்ல, பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்பதற்கு. அது இல்லாவிட்டால் டிரம்ஸ் சத்தத்தில் தன் குரல் கேட்காது. கேட்காதவர் கத்துவார். ராஜேஸ்வரி கத்தக் கூடாது. அதனால் இசக்கித்துரை, கடையநல்லூரில் கச்சேரி செட் வைத்திருந்த முகம்மது அப்சலிடமிருந்து இரண்டு பழைய மானிட்டர்களை வாங்கி வந்திருந்தான்.

மேடையில் பேச முடியாது அல்லவா? பாடுகிறவர்கள் சவுண்ட்காரனுக்குக் கையால்தான் சொல்வார்கள். உள்ளங்கையை மேலே தூக்கினால், மானிட்டரைக் கூட்டு. கீழே அமுக்கினால், குறை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று ஊர் முழுக்க மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலிருந்து கரண்ட் இல்லை. இசக்கித்துரை போனில், "வயரெல்லாம் நானே மாட்டிட்டேன் அண்ணாச்சி. நீங்க வந்து ஒரு பார்வை பாருங்க. நாங்க சாப்பிட்டுட்டு வாறோம்" என்றான்.

"ஏலே, எதை எதுல மாட்டுன?"

"மானிட்டரைத்தான், மிக்ஸர்ல."

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பவர் ஸ்பீக்கர் என்றால், சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். மைக்குகளெல்லாம் வந்து சேரும் மிக்ஸரில் நேராக மாட்டலாம். அவன் வீட்டில் இருப்பது அது. இந்தப் பழைய மானிட்டர்களில் ஆம்ப் கிடையாது. ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், ஒரு காகிதக் கூம்பு, அவ்வளவுதான். தனியாக ஒரு ஆம்ப் வைத்து, அதன் பின்பக்கம்தான் மாட்ட வேண்டும். மிக்ஸருக்கும் ஆம்புக்கும் ஒரே மாதிரி தடித்த பிளக். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு.

நான் போனபோது அந்த மாடி ஒத்திகை அறையில் யாரும் இல்லை. சத்தம் வெளியே போகாமல் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய அறை. ஜன்னலையும் அடைத்திருந்தார்கள். கதவை மூடினால் பகலிலும் இருட்டு. இன்வெர்ட்டரில் ஒரே ஒரு பல்பும், மிக்ஸரும். ஆம்பை அது தாங்காது. அதனால் ஆம்ப் அணைந்து கிடந்தது.

மணி பன்னிரண்டரை.

மிக்ஸரைப் பார்த்தேன். ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு சேனல், சத்தம் வந்தால் எரிய ஒரு விளக்கு. எல்லாச் சேனலும் இருட்டு. ஐந்தாவது சேனலில் மட்டும் பச்சை விளக்கு எரிந்தது... அணைந்தது... எரிந்தது.

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ராஜேஸ்வரி நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த மானிட்டரில் போய் முடிந்தது. இசக்கித்துரையின் கைவரிசை. இன்னொன்று ஆறாவது சேனலில் இருந்தது. அது எரியவில்லை.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏன் என்று சொல்லுகிறேன். ஸ்பீக்கரும் மைக்கும் உள்ளே ஒரே பொருள். கரண்ட் கொடுத்தால் கூம்பு அசையும், சத்தம் வரும். தலைகீழாகவும் நடக்கும். சத்தம் பட்டால் கூம்பு அசையும், கரண்ட் வரும். மிக்ஸரில் மாட்டிய ஸ்பீக்கர் மைக் ஆகிவிடும். அந்தப் பெட்டி பேசவில்லை. ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

சோதித்துப் பார்த்தேன். கை தட்டினேன். ஐந்தும் ஆறும் சேர்ந்து எரிந்து அணைந்தன. சரிதான்.

கைதட்டலை நிறுத்தினேன். ஆறு அணைந்தே இருந்தது.

ஐந்து எரிந்தது... அணைந்தது...

சீராக. மூச்சு விடுவதுபோல.

ஹெட்போனை எடுத்து மாட்டினேன். ஐந்தாவது சேனலை மட்டும் கூட்டினேன்.

முதலில் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல். அதற்கு அடியில்... மூச்சு. பாடப் போகிறவர் இழுக்கும் நீண்ட மூச்சு. தரையில் ஒரு கால் மாறி நிற்கும் சத்தம். வளையல் ஒன்று மெல்ல உரசியது.

ஹெட்போனைக் கழற்றினேன். அறை அமைதி.

மானிட்டரின் முன்னால் பார்த்தேன். மைக் ஸ்டாண்ட் மட்டும் நின்றது.

திரும்ப மாட்டினேன்.

மூச்சு இப்போது பக்கத்தில் வந்திருந்தது. குனிந்து, பெட்டியின் மீது வாயை வைத்ததுபோல.

"கேக்கல..."

பெண் குரல்.

"அண்ணாச்சி... எனக்கு என் சத்தம் கேக்கல..."

வயரைப் பிடுங்கினேன்.

விளக்கு அணைந்தது.

மானிட்டரின் பக்கத்தில் போனேன். பெட்டியின் இரும்பு வலையைத் தொட்டேன்.

ஈரம்.

நெடுநேரம் பாடிய மைக்கின் வலையில் இருக்கும், அதே வெதுவெதுப்பான ஈரம்.

படி இறங்கி ஓடிவந்து தெருவில் நின்றேன். டீக்கடைக்காரர், "என்ன வே, இப்படி வேர்க்குது?" என்றார். "உள்ள புழுக்கம்" என்றேன்.

கரண்ட் வந்த பிறகுதான் மேலே ஏறினேன், குழுவோடு சேர்ந்து. நீண்ட வயர் சில நேரம் ஏரியல்போல ரேடியோவைப் பிடிக்கும். கேட்டது ஏதோ நாடகமாக இருக்கும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். ஈரத்துக்கு மட்டும் பாடம் கிடைக்கவில்லை.

இரண்டு வயரையும் ஆம்பில் முறையாக மாட்டினேன். ராஜேஸ்வரி ஒரு பல்லவி பாடிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அண்ணாச்சி, கிணத்துத் தண்ணி மாதிரி தெளிவா கேக்கு. இனி கத்தவே வேண்டாம்."

"பாத்தீங்களா, நான் வாங்குன மானிட்டரு!" என்றான் இசக்கித்துரை.

"வாங்குனது நீ. மாட்டுனதும் நீதான். அதை மறந்துராத" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என்னால் எதையும் சொல்ல முடியவில்லை. சொன்னால் பெட்டியைத் தூக்கிவிடுவார்கள். அவள் கத்துவாள். நாளைக்குக் கொடை.

கொடையில் நல்ல கூட்டம். மூன்றாவது பாட்டில் ராஜேஸ்வரி என்னைப் பார்த்தாள். உள்ளங்கையைக் கீழே அமுக்கினாள். குறை.

குறைத்தேன்.

மறுபடியும் அமுக்கினாள்.

இன்னும் குறைத்தேன். அவள் கை நிற்கவில்லை. குமிழை முழுவதும் திருப்பிப் பூஜ்யத்தில் வைத்தேன்.

குறை... குறை...

கடைசியில் மானிட்டர் ஆம்பையே அணைத்தேன்.

அவள் என்னைப் பார்த்தபடி, கையைக் கீழே அமுக்கிக்கொண்டே பாடினாள்.

ஒரு சுருதி பிசகவில்லை. கச்சேரி முடியும்வரை அந்த ஆம்ப் அணைந்தேதான் இருந்தது. பிறகு வேனில் ஏறும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணாச்சி, மானிட்டர்ல சத்தம் முந்தி வருது."

"பிந்தி வரும்மா. எதிரொலி."

"இல்ல. நான் வாயைத் தொறக்குததுக்கு முன்னாடியே வருது."

சத்தம் தாமதமாக வர ஆயிரம் காரணம் உண்டு. முந்தி வர ஒரு காரணமும் கிடையாது.

மறுநாள் காலை, அவள் முன்னால் இருந்த அந்தப் பெட்டியை என் கடைக்குக் கொண்டுவந்து திருகுகளைக் கழற்றினேன். வலையை எடுத்தேன். ஸ்பீக்கரை வெளியே தூக்கினேன்.

பிளக் மாட்டும் இடத்திலிருந்து ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய இரண்டு வயர்கள். இரண்டும் நடுவில் வெட்டப்பட்டிருந்தன. நேற்று வெட்டியது அல்ல. செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. வெட்டி வருடக்கணக்கு ஆகியிருக்கும்.

அந்தப் பெட்டியால் பேச முடியாது. ஒட்டுக் கேட்கவும் முடியாது.

அப்சலுக்குப் போன் போட்டேன்.

"ஒண்ணுதான் வேலை செய்யும், இன்னொண்ணு ஸ்பேர் பார்ட்ஸுக்குன்னு அந்தப் பையன்கிட்ட சொல்லித்தானே வே கொடுத்தேன்?" என்றார். "வயரை வெட்டுனது நாந்தான்."

"ஏன் பாய்?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க செட்டுல பர்ஹத்னு ஒரு புள்ள பாடுச்சு. கல்யாணக் கச்சேரி. மானிட்டர் செத்துப்போச்சு, நாங்க யாரும் கவனிக்கல. கையை மேல மேல தூக்குச்சு, கூட்டு கூட்டுன்னு. பாட்டுல லயிச்சு ஆடுதுன்னு நினைச்சோம். கத்திக் கத்திப் பாடி அப்படியே விழுந்துச்சு வே. ஆஸ்பத்திரி போய்ச் சேரல. பொறவு பெட்டியை ரிப்பேர் பண்ணி மாட்டினேன். அதுல அந்தப் புள்ள சத்தம்... வேண்டாம் வே. அதான் வெட்டுனேன்."

போனை வைத்துவிட்டார்.

அன்று மாலையே ராஜேஸ்வரி கூப்பிட்டாள். ஆவணியில் இன்னொரு கொடை வந்திருக்கிறதாம்.

"அந்தப் பெட்டியவே வையுங்க அண்ணாச்சி. அவ்வளவு நேரம் பாடியும் தொண்டை துளி வலிக்கல. பாடுன மாதிரியே இல்ல."

நான் அந்த வயரைச் சேர்க்கவில்லை. பெட்டியை அப்படியே மூடித் திருகினேன். ஆவணிக் கொடையில் வேறொரு நல்ல மானிட்டரை ஆம்பில் மாட்டி அவள் முன்னால் வைத்தேன். பழைய பெட்டியை, அவள் கேட்டதற்காக, பக்கத்தில் வெறுமனே வைத்தேன். அதில் எந்த வயரும் இல்லை.

முதல் பாட்டு தொடங்கியது.

ராஜேஸ்வரி அந்தப் பழைய பெட்டியைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

உள்ளங்கையைக் கீழே அமுக்கினாள்.