ஏற்றத்தில் நழுவிய கிளட்ச்

மகாராஜா காலம் அது. பிரசவ வலியில் துடித்த என் மனைவியை மோட்டார் சைக்கிளின் சைடுகாரில் உட்கார வைத்து, சாமராஜநகரிலிருந்து மைசூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். ஓர் ஏற்றத்தில் எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. தீய்ந்த வாடை வந்தது. கிளட்ச் நழுவுகிறது! சுற்றிலும் புதர்க்காடு, ஆள் நடமாட்டமே இல்லை.

"கிளட்ச் தட்டெல்லாம் தேஞ்சு போயிடுத்து. இனிமே ஏறாது" என்று அழுதேவிட்டேன்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "காலம்பற கிளட்ச் கம்பியை இறுக்கினேளே, அதைத் தளர்த்திப் பாருங்கோ" என்றாள்.

கிளட்ச் பிடியைத் தொட்டேன். துளிகூடத் தளர்வில்லை. இறுகிய கம்பிதான் கிளட்சை முழுதாகப் பிடிக்கவிடவில்லை. கம்பியின் திருகாணியைத் தளர்த்தினேன். கிளட்ச்சின் சூடு ஆறுவதற்குள் அவள் இரண்டு முறை அலறிவிட்டாள். பிறகு வண்டி ஏறியது.

மைசூரில் மகள் பிறந்தாள். உறவினர்கள் என் தைரியத்தைப் புகழ்ந்தார்கள். என் மனைவி சிரித்தாளே தவிர, நான் அழுததை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.