இடது பக்கத்துப் பட்டை

அவள் வண்டியைப் பின்னால் எடுப்பதைப் பார்ப்பதற்கென்றே படகு இறக்கும் சரிவில் நாலு பேர் கைவேலையைப் போட்டுவிட்டு நின்றுவிடுவார்கள்.

ரொட்டிக் கம்பெனியில் டெலிவரி வேன் ஓட்டுகிறவள். ஊர் எழுந்திருக்கும் முன்பே சூடான ரொட்டித் தட்டுகளை ஏற்றிக்கொண்டு, கடைகளின் பின்பக்கச் சந்துகளுக்குள் ரிவர்ஸிலேயே புகுந்து, சுவரில் கண்ணாடி உரசாமல் நிறுத்திப் பழகிய கை. படகு ஏற்றிய டிரெய்லரைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, பாசி பிடித்த கான்கிரீட் சரிவில் தண்ணீருக்குள் இறக்குவதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. கழிமுகத்துக்குப் படகு கொண்டுவருகிறவர்கள் அவளை ரொட்டி அக்கா என்பார்கள். அவள் புருஷன் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அதனால் அவர் லிஃப்ட் அண்ணன்.

படகு வாங்கிய புதிதில் ஓட்டியது அவர்தான். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்பினால் டிரெய்லர் அந்தப் பக்கம் போகும் என்பது கடைசிவரை அவர் மண்டையில் ஏறவில்லை. டிரெய்லர் மடங்கி, படகு திரும்பிக் காரையே முறைத்துக்கொண்டு நிற்கும். வரிசையில் இருப்பவர்கள் ஹாரனில் கையை வைத்தால் எடுக்க மாட்டார்கள். ஒருநாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"இறங்குங்க. முதல்ல நீங்க கீழ இறங்குங்க."

அவர் இறங்கினார். அவள் உட்கார்ந்து ஒரே மூச்சில் கோடு போட்ட மாதிரி இறக்கிவிட்டாள். அன்றிலிருந்து ஸ்டியரிங் அவளுக்கு, மற்றதெல்லாம் அவருக்கு என்று ஆகிப்போனது.

மற்றதெல்லாம் என்றால் லேசுப்பட்டதில்லை. உப்புத் தண்ணீரில் முங்கி எழுந்த டிரெய்லரை அப்படியே விட்டால் துரு தின்றுவிடும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீர்க் குழாயைப் பிடித்து அச்சு, ஸ்பிரிங், சக்கரத்தின் உட்பக்கம் என்று சந்துபொந்து விடாமல் அடித்துக் கழுவுவார். சக்கரங்களைக் கழற்றி, பேரிங்கைத் துடைத்து, புது கிரீஸை உள்ளங்கையில் வைத்து அழுத்தி அழுத்தி அடைப்பார்.

"என் முதுகுக்கு என்னைக்காவது இப்படித் தேய்ச்சு விட்டிருக்கீங்களா?"

"உனக்கு இன்னும் துருப் பிடிக்கலையேம்மா" என்பார்.

சரிவிலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. மேலே சமதளத்தில் நிற்கும்போதே படகின் பின்பக்கத்தை டிரெய்லரோடு கட்டியிருக்கும் இரண்டு பட்டைகளையும் அவிழ்ப்பார். படகின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைக்கு மூடி திருகுவார். விளக்கு வயரைப் பிடுங்குவார். ஆனால் டிரெய்லரின் முன்முனையிலிருந்து படகின் மூக்கைப் பிடித்திருக்கும் வின்ச் கொக்கியை மட்டும் தொடவே மாட்டார். அதைக் கழற்றினால் உருளைகள்மேல் உட்கார்ந்திருக்கும் படகு சரிவில் தானாக வழுக்கிவிடும். டிரெய்லர் தண்ணீருக்குள் போய், படகு மிதக்க ஆரம்பித்த பிறகுதான் கொக்கி. இதில் அசிரத்தையாக இருந்த எத்தனையோ பேரை அவர் கடிந்துகொண்டிருக்கிறார். வரிசையை மறித்துக்கொண்டு வண்டியை விட்டுப் போகிறவர்களைக் கடிந்துகொள்வது அவள் வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார்.

"என்னங்க, கதவு நேத்துதான் முளைச்சுதா?" என்று கேட்டாள். அவரும் சிரித்தார். ஒரு சட்டைக்கை மடித்திருந்தது, இன்னொன்று தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

சரிவின் மேலே அவர் வழக்கம்போல் டிரெய்லரைச் சுற்றி வேலை செய்தார். பிறகு பின்னால் போய் நின்றுகொண்டு, "சரி, வா" என்று குரல் கொடுத்தார். அவள் ரிவர்ஸ் போட்டாள். கண்ணாடியில் பார்த்தால் மனிதர் நட்டநடுவில், படகுக்கு நேர் பின்னால் நிற்கிறார்.

"நடுவுல நிக்காதீங்க! ஓரமாப் போங்க!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

அவர் கையை ஆட்டினார். நகரவில்லை. அவள் பிரேக்கை மிதித்தாள்.

கார் நின்றது. படகு நிற்கவில்லை. வின்ச்சை விட்டு மூக்கு விலகிப் போவதைக் கண்ணாடியில் பார்த்தாள். முதலில் மெதுவாக, யாரோ ஆள் பிடித்துத் தள்ளுவதுபோல. அப்புறம் உருளைகள் கடகடவென்று உருண்டன. அவள் கத்தினாளா என்று அவளுக்கே தெரியாது. கான்கிரீட்டில் படகு மோதிய சத்தத்தில் நாரைகளெல்லாம் எழும்பிப் பறந்தன.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஓடினாள். கால் தரையில் பாவவில்லை. பின்னால் நசுங்கிக் கிடப்பார் என்றுதான் ஓடினாள்.

அவர் நின்றுகொண்டிருந்தார். படகு பக்கவாட்டில் திரும்பி, பாதி டிரெய்லரிலும் பாதி தரையிலுமாகத் தொங்கியது. என்ஜினின் விசிறி அவர் மார்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. இடது பக்கத்துப் பட்டை அவிழ்க்கப்படவே இல்லை. விறைத்துக் கம்பிபோல் நின்ற அந்த ஒரு பட்டைதான் மொத்தப் படகையும் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏன் பிரேக் அடிச்ச?" என்றார் அவர் சாவகாசமாக.

"கொக்கியை எதுக்குங்க இப்பவே கழட்டுனீங்க?"

"தண்ணிக்குள்ள போனப்புறம்தானே கழட்டுனேன்."

அவர் செருப்புக்கு அடியில் காய்ந்த கான்கிரீட். தண்ணீர் இன்னும் எவ்வளவோ தூரத்தில் இருந்தது. பின்னால் வரிசையில் நின்றிருந்த நண்டுக்காரர் இறங்கி வந்து படகைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "என்ன அண்ணே, காலங்காத்தாலேயே போட்டுட்டீங்களா?" என்றார். இரண்டொருவர் சிரித்தார்கள்.

"ஒரு பட்டையை அவுக்காம விட்டிருக்கீங்க" என்றாள் அவள்.

"ரெண்டையும் அவுத்துட்டேன்."

"இந்தா இருக்குங்க." பட்டையின்மேலேயே கையை வைத்துக் காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். அவர் கண் படகின் வலது ஓரத்திலிருந்து புறப்பட்டு என்ஜின்வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் உலகமே இல்லை என்பதுபோல் நின்றுவிட்டது.

"ஒண்ணும் இல்லையே" என்றார்.

கேலி செய்கிறார் என்றுதான் ஒரு நொடி நினைத்தாள். அவர் இடது தோளருகே வந்து, "என்னைப் பாருங்க" என்றாள். அவர் முகம் வலப்பக்கம் திரும்பியது. அங்கே அவளைத் தேடியது. நண்டுக்காரரைத் தாண்டி, காரைத் தாண்டித் தேடியது.

"எங்க போயிட்ட?" என்று கேட்டார்.

உரசிக்கொண்டு நிற்கிறாள். அவர் மூச்சுச் சத்தம் கேட்கிறது. எங்கே போயிட்ட என்கிறார். அவர் இடது கையைப் பிடித்தாள். அந்தக் கை திருப்பிப் பிடிக்கவில்லை. ஈரத்துணிபோல் அவள் கைக்குள் கிடந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்களும் அடங்கிப்போனார்கள்.

அவளுடைய கார், டிரெய்லரோடும் தொங்கும் படகோடும் சரிவை அடைத்துக்கொண்டு நின்றது. அதைக் கழற்றவும் முடியாது, இழுக்கவும் முடியாது. நண்டுக்காரர் பக்கம் கையை நீட்டினாள்.

"உங்க வண்டிச் சாவியைக் குடுங்க."

"நான் வேணா ஓட்டு..."

"குடுங்க!"

கொடுத்துவிட்டார். தன் சாவியை அவர் கையில் திணித்துவிட்டு, நண்டுக்கூடை நாறும் அந்த வண்டியில் புருஷனை ஏற்றிக்கொண்டு பறந்தாள். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். "பேரிங்ல சத்தம் வருது பாரு, கேக்குதா? வீட்டுக்குப் போனதும் கழட்டணும்." பின்னால் டிரெய்லரே இல்லை. "ஆமாங்க, கழட்டலாம்" என்று சொல்லிக்கொண்டே சிவப்பு விளக்கில் ஹாரனை அழுத்திக்கொண்டு போனாள்.

மூளையின் வலப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. "கண்ணுல கோளாறு இல்லை. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே இப்ப அவருக்குத் தெரியலை. காலையிலேயே ஆரம்பிச்சிருக்கும். நேரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்க, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனார்.

வராந்தாவில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. கொக்கியைத் தொடாமல், அந்தப் பட்டையையும் அவிழ்த்திருந்தால் படகு ஒழுங்காகத் தண்ணீரில் இறங்கியிருக்கும். இந்நேரம் இருவரும் கழிமுகத்தைத் தாண்டி, ஆளரவம் இல்லாத இடத்தில் இருந்திருப்பார்கள். என்ஜின் அவர் கையில் இருந்திருக்கும். அவளுக்குப் படகு ஓட்டத் தெரியாது. நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளர் பல்லில் மோதி மோதிச் சத்தம் போட்டது, குடிக்க முடியவில்லை.

உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா? ஆஸ்பத்திரியில கஞ்சத்தனம்" என்பார். தட்டைத் திருப்பி வைத்தால், "இதை முதல்லயே குடுத்திருக்கலாம்ல" என்று மிச்சத்தைச் சாப்பிடுவார். ஒருநாள் தானே சவரம் செய்துகொண்டு வந்து நின்றார். ஒரு கன்னம் பளபளவென்றிருந்தது. மறு கன்னத்தில் நரைமுள் அப்படியே இருந்தது. அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. நடுவிலேயே அது அழுகையாகிவிட்டது. அவர் காரணம் புரியாமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நண்டுக்காரர் சாவியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். எல்லாருமாகச் சேர்ந்து படகை மறுபடியும் டிரெய்லரில் ஏற்றிவிட்டார்களாம். "அண்ணன் வழக்கமாச் செய்யற மாதிரி நல்ல தண்ணி அடிச்சுக் கழுவிட்டோம்கா. அன்னைக்கு அப்படிக் கேட்டுட்டேன். வாய்ல வந்துடுச்சு." அவர் கண்ணை நிமிர்த்தவே இல்லை.

"எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு" என்றாள்.

தலையை முழுசாக இடப்பக்கம் திருப்பிப் பார்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். மாதக்கணக்கில் பிடித்தது. ஏணியிலும் லிஃப்ட் குழியிலும் இனி அவர் இறங்க முடியாது என்று கம்பெனியில் சொல்லி, ஆபீஸில் உட்கார்ந்து பழுதுப் புகார்களுக்குப் போன் எடுக்கும் வேலை கொடுத்தார்கள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் அவர் நிதானமாகப் பேசுவாராம். அன்றைக்கு மோதியதில் படகின் அடியில் விழுந்த விரிசலை ஒட்டவைத்து, அவள் படகு ஓட்டக் கற்றுக்கொண்டாள். பட்டை, மூடி, கொக்கி எல்லாம் இப்போது அவள் கையில். அவர் சரிவின் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தமாகக் குற்றம் கண்டுபிடிப்பார்.

அவளை விட்டுத்தான் அந்த நாள் போகவில்லை. அவர் பேச்சின் நடுவே ஒரு வார்த்தைக்குத் தடுமாறினால்கூட அவர் இடது பக்கம் போய் நின்று, "என்னைப் பாருங்க" என்கிறாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் போய்க் கதவைத் தட்டுகிறாள்.

"என்னங்க? என்னங்க?"

"சோப்புப் போடுறேன்டி" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. "முகமெல்லாம் நுரை. இப்ப உன்னை எந்தப் பக்கமும் தெரியலை."