எதிர்க் கட்டடத்து ஐயா

அந்தக் காலையை நினைத்தால் அத்தானின் கையிலிருந்த இரண்டு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள்தான் எனக்கு முதலில் கண்முன் வருகின்றன. புலாவ் செபாங்கில் அவர் லோரி ஓட்டிச் சம்பாதித்து வாங்கிய தாமான் வரிசை வீடு அது. அந்த வீட்டின் கிரில் கதவுக்கு வெளியே, கார் நிறுத்தும் இடத்தில், பொட்டலங்களை நெஞ்சோடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார். உள்ளே அக்கா பூட்டைப் போட்டுவிட்டு, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல ஆம்பள இல்லைங்க. அவரு வந்தப்புறம் வாங்க," என்று கட்டிய கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

மலாக்காவிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கிய என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. "வா, சீக்கிரம் உள்ள வா. இந்த ஆளு ரொம்ப நேரமா நிக்கிறாரு," என்று ஒருவர் நுழையும் அளவுக்கு மட்டும் கதவைத் திறந்தாள். அத்தான் ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். "அவளுக்குக் குடும்மா. சம்பால் கொஞ்சமா வைக்கச் சொன்னேன். காரம் ஒத்துக்காது அவளுக்கு." நான் உள்ளே போனேன். அவர் வெளியே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தன் பொட்டலத்தைப் பிரித்தார். சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. திறந்தால் அவள் அலறுவாள் என்பதால் அதை எடுக்கவில்லை.

அக்கா எனக்கு மிகவும் மூத்தவள். செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் இருட்டோடு பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். என்னை எழுப்பிக் குளிப்பாட்டி, தலை பின்னி, ரொட்டியைக் கோப்பியில் நனைத்து ஊட்டி, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது அவள்தான். லயத்து வீட்டுப் பெண்களில் அவள் அளவுக்கு யாரும் சத்தம் போட்டுச் சிரித்ததில்லை என்று அம்மா குறைபட்டுக்கொள்வாள். அத்தான் பெண் பார்க்க வந்த அன்று மட்டும் அக்காவின் குரலே கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தவள் அவர் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டாள். பிறகு என்னிடம் வந்து, "மீச எப்படி இருக்கு?" என்று கேட்டாள். பெரிசா இருக்கு என்றேன். அவர்கள் இருவரும் தனியாக நாலு வார்த்தை பேசியது கல்யாணத்துக்குப் பிறகுதான்.

இடைநிலைப் பள்ளி படித்த காலத்தில் நான் அவர்களோடு புலாவ் செபாங்கில் இருந்தேன். அத்தான் ஜொகூருக்கும் சிரம்பானுக்கும் லோரி ஓட்டினார். கோபக்காரர். சாப்பாடு ஆறியிருந்தால் தட்டைத் தள்ளிவிடுவார். ஆனால் லோரி வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் நானும் அக்காவும் வாசலுக்கு ஓடுவோம். ஒருநாள் மங்குஸ்தீன் கொத்து, ஒருநாள் டின் பிஸ்கட், ஒருநாள் அக்காவுக்குக் கண்ணாடி வளையல். வெறுங்கையோடு அவர் படியேறி நான் பார்த்ததில்லை. லோரியின் முன்சீட்டில் நடுவில் என்னை உட்காரவைத்து ரயில் நிலையம் வரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். டீசல் வாசனையும் அவர் வியர்வையும் கலந்த அந்த வாடை எனக்கு இன்றும் பிடிக்கும். அந்தச் சமையலறை மேசையில்தான் நான் படித்தேன். படித்து முடித்து மலாக்காவில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அதிலிருந்தே ஓய்வும் பெற்றுவிட்டேன்.

அக்காவுக்கு வந்தது மறதி நோய் என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. கறிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனவள் வீடு எந்த வரிசையில் என்று தெரியாமல் நின்றாள். சிங்கப்பூரில் இருக்கும் தன் ஒரே மகளின் பெயரை ஒருநாள் என்னிடமே கேட்டாள். ஆனால் அவள் அத்தானை மறந்துவிட்டாள் என்று சொன்னால் அது உண்மையாகாது. வாய் ஓயாமல் அவரைப் பற்றித்தான் பேசினாள். "அவரு ஜொகூர் லோட் எடுத்துட்டுப் போயிருக்காரு. சாயங்காலம் வந்துருவாரு." அவள் காத்திருந்தது கறுத்த மீசை வைத்து, காக்கிக் கால்சட்டை போட்ட ஒருவருக்காக. தலை நரைத்து, முழங்கால் தேய்ந்து, கைத்தடியோடு வீட்டுக்குள் நடமாடிய இந்தக் கிழவர் அவளுக்கு யாரோ. அத்தான் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். படத்தை ஆசையாகத் தடவினாள். "இதுதான் எங்க வீட்டுக்காரரு," என்றாள். பிறகு நிமிர்ந்து, "நீங்க யாரு?" என்றாள். கணவருக்காக அவள் கணவரையே வெளியே நிறுத்தினாள். இதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவை மாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு எல்லாம் தெரியும். மழை வந்தால் அத்தானைத் தன் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைப்பார். மாக்சிக் இல்லையென்றால் ஒரு சனிக்கிழமை என்ன ஆகியிருக்குமோ. அக்கா அடுப்பில் கறிச்சட்டியை வைத்துவிட்டு, முன் கதவில் எங்கிருந்தோ எடுத்த இன்னொரு பூட்டையும் போட்டுவிட்டாள். மதியம் கடைக்குப் போய்த் திரும்பிய அத்தான் சமையலறை ஜன்னலில் புகையைப் பார்த்தார். கூப்பிட்டார், கெஞ்சினார், திறக்கவில்லை. பின்பக்கம் ஓடி, ஜன்னல் கண்ணாடியைக் கைத்தடியால் உடைத்து, உள்ளே கையை விட்டுப் பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கி நுழைந்தார். அடுப்பை அணைத்துவிட்டார். ஆனால் அக்காவுக்குத் தெரிந்தது, ஜன்னலை உடைத்து வீடு புகுந்த ஒரு அந்நியனின் கை. கரண்டியால் அந்தக் கையை அடித்தாள். அடித்துக்கொண்டே அவர் பெயரைச் சொல்லித்தான் கத்தினாள், வந்து காப்பாற்றச் சொல்லி. மாக்சிக் ஓடிவந்து அவளைத் தோளோடு அணைத்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

நான் போய்ச் சேர்ந்தபோது, கண்ணாடி கிழித்த அத்தானின் கையில் தையல் போட்டுக் கட்டியிருந்தார்கள். "அவ என் பேரச் சொல்லிக் கூப்பிடுறா. நான் எதிர்லயே நிக்கிறேன். என்னப் பாத்துப் பயந்து சாகுறா. இனிமே இந்த வீட்டுல ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்மா," என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

மகள் சிங்கப்பூரிலிருந்து போனில் பேசினாள். "அம்மாவ ஒரு நல்ல ஹோம்ல விடுவோம் சித்தி. அப்பா இங்க என்கூட வந்துரட்டும்லா." சொல்லும்போதே அழுதாள். சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும். அக்காவைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள் என்பார்கள். என்னை வளர்த்தவளுக்கு நான் செய்யும் கைம்மாறு இதுதானா என்று எனக்கே உள்ளே அரித்தது. என்னோடு வைத்துக்கொள்ளலாம் என்றால், நான் இருப்பது நாலாவது மாடி. என் கணவரைப் பார்த்தாலும் அவள் மிரண்டாள்.

நானும் அத்தானும் இடம் தேடி அலைந்தோம். முதலில் பார்த்த இல்லத்தில் ஜன்னல் திரைகள் எல்லாம் மூடியிருந்தன. வரிசையாக நாற்காலிகள், அவற்றில் டிவியைப் பார்க்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அத்தான் போன இடங்களிலெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார், "குடும்பத்து ஆளுங்க எப்ப வேணும்னாலும் வரலாமா?" அந்த முதல் இடத்தில் ஞாயிறு மட்டும் என்றார்கள். இன்னொரு இடம் சுத்தமாக, ஹோட்டல் மாதிரி இருந்தது. ஆனால் தமிழ் பேச ஒரு ஆள் இல்லை. அக்காவுக்கு மலாயும் மறந்துகொண்டே வந்தது. திரும்பும் வழியில் காரில் அத்தான், "பசிக்குதுன்னு அவ யார்கிட்டம்மா சொல்லுவா?" என்றார்.

மூன்றாவது இடம் கிளேபாங்கில், கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. ஒரே முற்றத்தைப் பார்த்தபடி இரண்டு கட்டடங்கள். ஒன்று அக்காவைப் போன்றவர்களுக்கு. மற்றது நினைவு நன்றாக இருந்தும் தனியாகச் சமாளிக்க முடியாத வயதானவர்களுக்கு. சாப்பாட்டுக் கூடம் பொது. மேட்ரன் ஒரு தமிழ்க் கிறிஸ்துவப் பெண்மணி, கட்டைக் குரல். நாங்கள் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "எப்ப வேணும்னாலும் வரலாம் ஐயா. ஆனா மொத ரெண்டு வாரம் நீங்க வராம இருந்தா அம்மாவுக்கு நல்லது," என்றார். அத்தான் முற்றத்தின் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சீனக் கிழவர் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கட்டடத்துல எனக்கு ஒரு ரூம் கெடைக்குமா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்த வீட்டை விட்டுவிட்டா, மகளை விட்டுவிட்டா என்று காரில் வரும்போது சண்டையே போட்டேன். "அந்த வீட்டுல நான் வெளியதானேம்மா இருக்கேன். அதுக்கு இங்க வெளிய இருந்துட்டுப் போறேன்," என்றார். வீட்டை வாடகைக்கு விட்டோம்.

அக்காவை விட்டுவந்த அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு வந்தா நான் இங்க இருக்கேன்னு சொல்லிரு," என்றாள். சொல்கிறேன் என்றேன். வெளியே வந்து சாலையோரத்தில் நின்று அழுதேன். மேட்ரன் சொன்ன இரண்டு வாரமும் அத்தான் தன் கட்டடத்தை விட்டு வரவில்லை. சாப்பாட்டையும் அறைக்கே வரவழைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக அவள் முற்றத்தில் நடப்பதைப் பார்த்திருந்தார்.

பிறகு ஒரு பகல் சாப்பாட்டு நேரம். நானும் போயிருந்தேன். அத்தான் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, மாப்பிள்ளை மாதிரி வந்தார். கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டார். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அலறப்போகிறாள் என்று நான் எழுந்துவிட்டேன்.

"ஏன் நிக்கிறீங்க ஐயா? உக்காருங்க. சாப்டீங்களா?" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டில் அவர் அத்துமீறி நுழைந்த ஆள். இங்கே எல்லாரும் அந்நியர்கள், அவரும் அவர்களில் ஒருவர். இங்கே அவள் காக்கவேண்டிய கதவு எதுவும் இல்லை. அத்தான் எதிரில் உட்கார்ந்தார். ரசத்தைத் தன் பக்கத்திலிருந்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். எந்த ஊரு என்று கேட்டாள். புலாவ் செபாங் என்றார். "நாங்களும் அங்கதான்! எங்க வீட்டுக்காரரு லோரி ஓட்டுறாரு, தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன். எப்படி, ஒங்கள நல்லா வச்சிருக்காரா?"

அக்கா யோசித்தாள். "கோவம் வரும் அவருக்கு. தட்டத் தள்ளுவாரு. ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டாரு. எனக்கு ஒரே ஒரு கொறதான். ஊரெல்லாம் லோரியில சுத்துறாரு, என்ன ஒருநாள் கடல் பாக்கக் கூட்டிட்டுப் போனதில்ல."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார். இத்தனை வருடத்தில் அவள் அதை அவரிடம் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் போயிருப்பார். கேட்கவேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, கேட்காமலே தெரிந்துகொள்ளவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. எங்கள் தோட்டத்துக் குடும்பங்கள் பலவும் அப்படித்தான் இருந்தன. எல்லாம் நடந்தது. பேசிக்கொள்வதுதான் நடக்கவில்லை.

அதன்பின் தினமும் அவர் வந்தார். அவளும், "அந்த எதிர்க் கட்டடத்து ஐயா வரலியா?" என்று கேட்க ஆரம்பித்தாள். சில நாட்கள் யாரையும் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்று அவர் தூரத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். நோய் நிற்கவில்லை, இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. என் பெயரும் இப்போது அவளுக்கு வந்து வந்து போகிறது.

போன மாதம் நான் போனபோது அவள் கட்டிலில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தச் சொன்னாள். பக்கத்தில் உட்காரவைத்து என் காதருகே வந்தாள். சின்ன வயதுச் சிரிப்பு வாயோரத்தில் இருந்தது, கண்ணில் பயமும் இருந்தது.

"அந்த ஐயா என்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. நர்ஸும் வந்துச்சு. எவ்ளோ தண்ணி தெரியுமா! காலு நனைய நின்னேன். தேங்கா ஷேக் வாங்கிக் குடுத்தாரு. விழுந்துருவேன்னு கையப் பிடிச்சுக்கிட்டாரு." கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தாள். "தப்பா ஒண்ணும் இல்ல. ஆனா அத்தான் வந்தா நீ சொல்லிராத. அவரு மனசு கஷ்டப்படும்."

சொல்லமாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

முற்றத்து பெஞ்சில் அத்தான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை, சொல்லிவிட்டேன். முதலில் தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு நின்றபின்னும் தோள் குலுங்கியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லமாட்டேன்னு சொன்னியா அவகிட்ட?"

"சொன்னேன் அத்தான்."

"அப்ப சொல்லாத," என்றார்.

உள்ளே தேநீருக்குக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு, அக்கா இருக்கும் கட்டடத்தை நோக்கி நடந்தார்.