கோட்டை இல்லாத கோட்டைப் படம்

இன்று ஸ்டுட்கார்ட் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அந்தோனி அண்ணையைக் கண்டேன்.

தொண்ணூறுகளில் எங்களைப் பஸ் பிடித்து லூர்து மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். வழியில் அவினியோன், ஆர்ல், கார்கசோன் என்று தெற்கு பிரான்சின் பழைய கோட்டை ஊர்களில் எல்லாம் இறக்கிவிட்டார். இறங்கினோம், சோற்றுப் பார்சலைப் பிரித்தோம், அண்ணையின் கமராவுக்கு முன்னால் நின்றோம், ஓடிப்போய் ஏறினோம். திங்கட்கிழமை எல்லோருக்கும் வேலை.

நேற்று மகளுக்குக் காட்ட ஆல்பத்தைத் திறந்தால், ஒரு படத்திலும் கோட்டை இல்லை. முழுக்க எங்கள் முகங்கள். பின்னால் ஒரு துண்டுக் கல்சுவர்.

"இது எங்கட கராஜ் சுவர் மாதிரிக் கிடக்கு அம்மா" என்றாள்.

அதைச் சொல்லி அண்ணையிடம் குறைப்பட்டேன்.

"கோட்டை அங்கையேதானே நிக்கும், தங்கச்சி. ஊரில உங்கட அம்மா கோட்டையைப் பாக்கவோ காத்துக்கொண்டிருந்தவ? முகம் வடிவாத் தெரியவேணும் எண்டுதான் கிட்ட நிண்டு எடுத்தனான்."



அந்தப் படங்களில் ஒன்றின் பிரதி யாழ்ப்பாணத்துக்குப் போனது. "பிள்ளை நல்லாக் கொழுத்திட்டாள்" என்று அம்மா அயலெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாராம். பிறகு நானும் அம்மாவும் சந்திக்கவே இல்லை. அம்மா கடைசியாகப் பார்த்த என் முகம், அண்ணை கோட்டையை விட்டுவிட்டு எடுத்த முகம்தான்.

நன்றி, அண்ணை.

அந்தப் பஸ்ஸில் வந்தவர்கள் யாரிடமாவது கோட்டை தெரிகிற படம் இருந்தால் கீழே போடுங்கள். நான் பிரான்சுக்குப் போனதை மகள் இன்னும் நம்பவில்லை.