விசாரிக்க இரண்டு பேர்

கிள்ளானில் ஒரு தனியார் கல்லூரியில், படிப்பை முடிக்கும் மாணவர்களுக்கு வேலை தேடக் கற்றுக்கொடுப்பது என் வேலை. ரெஸ்யூமே எழுதுவது, நேர்காணலில் பேசுவது எல்லாம் அதில் அடக்கம். "உங்களைப் பற்றிச் சொல்லும்போது அடக்கி வாசிக்காதீர்கள்" என்று பத்து வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

என் மாணவி ஒருத்தி கணக்கியல் படித்தவள். அவள் அம்மாவுக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்க நின்று, கால் வீங்கித்தான் வீட்டுக்கு வருவார். தான் ஓர் ஆபீஸில் உட்கார வேண்டும், அம்மாவை வீட்டில் உட்காரவைக்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை கிடையாது. ஷா ஆலமில் ஒரு நிறுவனத்தில் இரண்டு நேர்காணல் முடிந்து, எடுத்துக்கொண்ட மாதிரியே பேசியிருந்தார்கள். மிச்சம் ஒன்றுதான். ரெஸ்யூமேயின் கடைசியில், தன்னைப் பற்றி விசாரிக்க அவள் போட்டிருந்த இரண்டு பேருக்கும் போன் செய்வார்கள். ஒருவர் அவளுடைய விரிவுரையாளர். இன்னொருவர் நான்.

போன் வந்தபோது நான் காரில், நெரிசலில், எரிச்சலில் இருந்தேன். அந்த நிறுவனத்தின் மலாய்க்கார அம்மாள் "பெண் எப்படி?" என்று கேட்டார். "ஓகே லா" என்றேன். நம் பிள்ளையை வெளியாள் முன்னால் தூக்கிப் பேசக் கூடாது என்று வளர்ந்த வாய் இது. என் சொந்த மகளைப் பற்றிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். கேட்டவருக்கோ அது 'சுமார்தான்' என்று விழுந்திருக்கிறது. நன்றி சொல்லி வைத்துவிட்டார். எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்று மாதம் கழித்துக் கல்லூரிக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் அவளைப் பார்த்தேன். தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்தாள். அம்மாவோடு அதே இடத்தில் வேலைக்கு நிற்கிறாளாம்.

"ஷா ஆலம் வேலை என்னம்மா ஆச்சு?"

"நானே போன் பண்ணிக் கேட்டேன் மிஸ். முதல்ல சொல்லவே மாட்டேன்னாங்க. அப்புறம்தான் சொன்னாங்க, ரெண்டு பேர்ல ஒருத்தர் வெறும் ஓகே லான்னு சொன்னாங்களாம். அதான் வேற ஆள் எடுத்துட்டாங்க." அவள் கண் கலங்கியது. "லெக்சரர்தான் மிஸ். அவர எவ்ளோ நம்பினேன் தெரியுமா?"

அந்த மனிதர் அவளைப் பற்றி எவ்வளவு நல்லதாகச் சொன்னாரோ. நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வாய் திறக்கச் சொல்கிற நான், தட்டிலிருந்த மீ கோரேங் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தில் கறுத்த என் முகத்தைப் பார்த்து, எனக்கும் அவர்மேல் கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"விடுங்க மிஸ்" என்று என்னைத் தேற்றினாள். "புதுசா ரெஸ்யூமே அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கேன். அவர் பேரத் தூக்கிட்டேன். இனிமே உங்க பேர் மட்டும்தான்."