வியார் வீட்டுப் பெண்ணின் நடை

1751 மார்ச் 6. இசை அச்சடிக்கும் தகடு செதுக்கியவருக்கு: 84 லீவர்.
1751 ஏப்ரல் 19. பிரதிகள் 28 விற்றது: 56 லீவர்.
1751 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. அதே 28 பிரதிகளைத் திரும்ப வாங்கியது: 112 லீவர்.
1751 அக்டோபர் 2. தகடுகளை உருக்கி விற்றது: 5 லீவர்.

இவை எங்கள் தேவாலயத்தின் ஆர்கன் வாசிப்பாளர் லாசார் மோர்லோவின் கணக்குகள். தேவாலயக் கணக்கு என் பொறுப்பு. அவர் கணக்கையும் நானே எழுதிவந்தேன்.

திராட்சைமது வியாபாரி வியாரின் மகள் தெனீஸ் நான்கு வருடம் செவ்வாய்தோறும் அவரிடம் ஹார்ப்சிகார்ட் என்னும் கட்டை வைத்த பெட்டி வாத்தியம் கற்க வந்தாள். அவளுக்கு இடது கால் குட்டை. மாடிப்படியில் இரண்டு எட்டு, ஓர் இழுப்பு.

"அந்தச் சத்தம் கேட்டாத்தான்யா எனக்குச் செவ்வாக்கிழமை" என்பார் லாசார்.

அந்த நடையை வைத்தே கவோத் என்னும் நடனத்துக்கான இசை ஒன்று எழுதி, 'லா வியார்' என்று அவள் குடும்பப் பெயரை இட்டார். பெயர் வைத்த நடனம் என்றால் அது அந்த ஆளின் படம் என்றே எங்கள் ஊரில் கேட்பார்கள். அவருக்கு அது தெரியும். அழகான படம் என்று நினைத்துத்தான் எழுதினார்.

பிரதிகள் வந்து விற்றுப்போன அன்று மாலை வியார் வீட்டு விருந்தில் வாசித்தார். பாதியில் உப்பு வியாபாரி கிராப்பே குரல் கொடுத்தார்:

"வாத்தியாரே, உங்க பெட்டிக்கு ஒரு கால் குட்டையா? கீழ ஆப்பு வெச்சுப் பாருங்க."

கூடம் முழுவதும் சிரித்தது. லாசாரின் கைகள் நின்றன.

"மீதியையும் வாசிங்க வாத்தியாரய்யா" என்றாள் தெனீஸ்.

"விரல் சரியில்லம்மா" என்று மூடியைச் சாத்தினார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலை முதல் பிரதியை அவள் அப்பாவிடமே போய் வாங்கினார். மற்றவற்றுக்கு வீடு வீடாக ஏறினார். எல்லாவற்றுக்கும் இரட்டை விலை கொடுத்தார். கிராப்பே தன் பிரதியைக் கொடுக்கும்போது, "பாவம், நொண்டிப் பொண்ணு, எரிச்சிடுறதுதான் நல்லது" என்றாராம். எல்லாவற்றையும் சமையலடுப்பில் எரித்தார். தெனீஸ் அதற்குப் பிறகு பாடத்துக்கு வரவில்லை. கல்யாணமாகி லியோனுக்குப் போனாள்.

பன்னிரண்டு வருடம் கழித்து எழுதினாள். மகளுக்கு அந்த நடனத்தைக் கற்றுத்தர வேண்டுமாம். முதல் பாதி நினைவிருக்கிறது, அவர் நிறுத்திய இடத்துக்குப் பிறகு தெரியாது என்றாள். "ஊர் சிரித்தபோது எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் எரித்தீர்கள் என்று கேட்டபோதுதான் முதல்முறையாக என் காலை நினைத்து வெட்கப்பட்டேன்."

கடிதத்தைப் படித்த பிறகு அவர் என்னை நிமிர்ந்து பார்க்க ஒரு வாரமாயிற்று.

எரித்த இசையின் இரண்டாம் பாதி அவருக்கும் நினைவில் இல்லை. அதைப் புதிதாக எழுதினார். எழுதி வாசித்துக் காட்டியபோது எனக்குத் தெரிந்தது: மூன்றாம் எட்டில் அந்த இழுப்பு இல்லை.

"இழுப்பக் காணோமே" என்றேன்.

"கை போக மாட்டேங்குதுய்யா. மறுபடியும் யாராச்சும் சிரிச்சுட்டா?"

அதையே அனுப்பினார்.

பதில் இரண்டு வரி. "முதல் பாதியில் நான் நடக்கிறேன். இரண்டாம் பாதியில் நடப்பது யார், வாத்தியாரய்யா?"

அவள் பிறகு எழுதவில்லை. அந்தக் கடிதம் வந்தது 1763 நவம்பர் 14.